நார் உடைக்கும் பாக்டீரியாவுக்கு ஒற்றைச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். கால்நடைப் பராமரிப்புப் பாடநூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வைக்கோலில் உள்ள செல்லுலோஸை உடைக்கும் நொதியை மாட்டின் உடம்பு சுரப்பதில்லை. முதல் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள்தான் உடைத்துக் கொடுக்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் ‘நார்ப்பொருளைச் சிதைக்கும் பாக்டீரியா’ என்று எழுதிக் கை வலிக்கிறது. ‘நாருண்ணி’ போடலாமா?

கால்நடை மருத்துவர்:
வேண்டாங்க. உண்ணி என்றதும் மாட்டுக்காரர் காதுமடலைப் புரட்டிப் பார்த்து மருந்தடிக்கக் கிளம்பிவிடுவார். ‘நார்ச்சிதைப்பி’ என்றால் எவருக்கும் புரியும்.

தமிழாசிரியர்:
ச் மிகாது ஐயா. கதைசொல்லி, ஊர்சுற்றி போல இரண்டாம் வேற்றுமைத் தொகை. ‘நார்சிதைப்பி’ என்றே எழுதுக. போகட்டும், ‘பாக்டீரியா’ எதற்கு? கிரேக்கத்தில் அது சிறு கோலைக் குறிக்கும். ‘நார்க்கோலுயிரி’ என்போம்.

கால்நடை மருத்துவர்:
நார் உடைப்பதில் முன்னணியில் நிற்பது ரூமினோகாக்கஸ். நுண்ணோக்கியில் உருண்டையாக இருக்கும். அதில் கோல் எங்கே?

யாழ்ப்பாணத்து அன்பர்:
எங்கட பக்கம் ‘பற்றீரியா’ எண்டுதான் எழுதுறனாங்கள். அதை மாத்தவேண்டாம்.

தமிழாசிரியர்:
இன்னொன்று. மாடு போடும் அசையும் யாப்பின் அசையும் ஒரே வேர்தான். நேரசை, நிரையசையைப் புலவன் மென்று மென்றுதானே…

மட்டுறுத்துநர்:
தனி இழையில், ஐயா.

கால்நடை மருத்துவர்:
ஒரு சிக்கல் சொல்ல மறந்தேன். வயிற்றில் இருக்கிற எல்லாமே நார் உடைப்பவை அல்ல. நம்மூர்ச் சவுண்டல், அதாவது சூபாபுல் தழையில், மிமோசின் என்ற நஞ்சு உண்டு. ஆஸ்திரேலியாவில் அதை அதிகம் மேய்ந்த மாடுகளுக்குத் தைராய்டு வீங்கியது, முடி கொட்டியது. ஹவாய் ஆடுகளோ அதையே தின்றுவிட்டு நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அந்த ஆடுகளின் இரைப்பைப் பாக்டீரியாக்களை 1980களில் ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றிப் புகுத்தினார். நஞ்சை முறித்த இனத்துக்கு அவர் பெயரே வந்தது: சினர்ஜிஸ்டீஸ் ஜோன்சியி (Synergistes jonesii). இது நார்சிதைப்பி ஆகாது. இன்னொரு பக்கம், நார் உடைக்கும் பூஞ்சைகளும் அதே இரைப்பையில் உண்டு. அவை பாக்டீரியாவே அல்ல!

மொழிபெயர்ப்பாளர்:
அப்போ பொதுவாகச் சொல்லுமிடத்தில் ‘இரைப்பை நுண்ணுயிர்’, நாருக்கு மட்டும் ‘நார்சிதைப்பி’, பூஞ்சையும் அதில் அடங்கும். சரிதானே? நாளை மறுநாள் வெள்ளி.

கால்நடை மருத்துவர்:
சரி.

யாழ்ப்பாணத்து அன்பர்:
சரி, ஆனா ‘நார்ச்சிதைப்பி’தான் வாய்க்கு வருது. வகுப்பில பிள்ளைகள் ச் போட்டுத்தான் சொல்லப்போகினம்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். உருண்டையானவற்றுக்கு ‘உருளுயிரி’ என்று தனிப்பெயர் கொடுத்தால் கோலுயிரிக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. விரிவாக நாளை எழுதுகிறேன்.