காந்தியின் ஐந்து பொருள்களும் ஒரே லாட்டில் போனது சரியா?

பழையகாசு:
2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஆன்டிகோரம் ஏல நிறுவனம் காந்தியின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, ஜெனித் பாக்கெட் கடிகாரம், கிண்ணம், தட்டு ஐந்தையும் ஒரே லாட்டாக, அதாவது ஒரே ஏல எண்ணில் ஒரே கட்டாக விட்டது. மதிப்பீடு 20,000 முதல் 30,000 டாலர்தான். விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். தனித்தனியாக விட்டிருந்தால் ஐந்தும் ஐந்து திசையில் போயிருக்கும். சேர்த்து விட்டதுதான் சரி.

ஓலைப்பெட்டி:
எனக்கு உடன்பாடில்லை ஐயா. அவை காந்தியிடமிருந்து ஒன்றாக வெளியே வரவில்லை. கடிகாரம் அவருடைய உறவுப்பெண் ஆபா காந்திக்குப் போனது, செருப்பு ஒரு பிரிட்டிஷ் அதிகாரிக்கு, கண்ணாடி ஒரு கர்னலுக்கு. பிற்பாடு தேடித் தேடிச் சேர்த்தவர் ஜேம்ஸ் ஓடிஸ் என்ற அமெரிக்கர். ஆக அது ஓடிஸின் தொகுப்பு. வந்த வழி வேறு வேறு என்றால் ஒவ்வொன்றும் காந்தியுடையதுதான் என்பதற்கான சான்றைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். ஒரே கட்டாகப் போட்டால், சான்று பலமாக உள்ள பொருளைப் பிடித்துக்கொண்டு பலவீனமானதும் கரையேறிவிடும்.

மரச்சுத்தி:
சிறிய ஏலங்களுக்குப் பட்டியல் எழுதிய அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு லாட் எண்ணுக்கும் படம் எடுக்க வேண்டும், விவரம் எழுத வேண்டும், ஏலத்தன்று நேரம் ஒதுக்க வேண்டும். தனியாக விலை போகாத பொருளுக்கு அந்தச் செலவு கட்டாது. அதனால் நல்ல பொருள் ஒன்றோடு சேர்த்துவிடுவார்கள். நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பாயும்.

ஓலைப்பெட்டி:
காந்தி பொருளுக்கு அந்தக் கவலை ஏன்? 2020 ஆகஸ்டில் பிரிஸ்டலில் அவருடைய கண்ணாடி மட்டும் ஏலத்துக்கு வந்தது. அதிகபட்ச மதிப்பீடே 15,000 பவுண்டு. போனது 2,60,000 பவுண்டுக்கு.

பழையகாசு:
சரி, காந்தியின் தென்னாப்பிரிக்க நண்பர் காலன்பாக்கிடம் இருந்த கடிதங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்? 2012இல் லண்டனில் சதபீஸ் ஏல நிறுவனம் அவற்றை ஏலம் விடவிருந்த நேரத்தில் இந்திய அரசு மொத்தத்தையும் பேசி வாங்கியது, ஏலம் ரத்தானது. கடிதம் கடிதமாகப் பிரித்து வேறு வேறு ஆட்களுக்கு விற்றிருந்தால் அரசு எத்தனை பேர் வாசலில் போய் நின்றிருக்கும்?

ஓலைப்பெட்டி:
அதைப் பிரிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சியும். காலன்பாக்கின் குடும்பத்திலேயே இருந்த கடிதங்கள் அவை. ஒன்றைப் படித்தால்தான் அடுத்தது புரியும். யார் கையில் சேர்ந்திருந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பழையகாசு:
அப்படியானால் நியூயார்க் பொருள்களை எப்படிப் பிரித்திருப்பீர்கள்?

ஓலைப்பெட்டி:
நான்கு லாட். கிண்ணத்தையும் தட்டையும் பிரிக்க மாட்டேன். அவை சேர்ந்தே புழங்கியவை.