ஒரே புரதம், இரண்டு கருவி: கை (χ) கோணங்கள் ஒத்துவரவில்லை, உதவி தேவை

காலாப்பட்டு மாணவி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக முட்டை வெள்ளைக்கரு லைசோசைம் என்ற புரதத்தின் பக்கச் சங்கிலிகளை (அமினோ அமிலங்களிலிருந்து கிளைக்கும் பகுதிகளை) பார்க்கிறேன். மொத்தம் 129 அமினோ அமிலம். மூலக்கூறைத் திரையில் காட்டும் பைமால் மென்பொருளில் கை 1, கை 2 கோணங்களை அளந்தேன் (கை என்பது χ என்ற கிரேக்க எழுத்து; பக்கச் சங்கிலியின் முதல், இரண்டாம் பிணைப்பு எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்று சொல்லும்). அதே ஃபைலை, புரத அமைப்பைச் சரிபார்க்கும் மால்ப்ராபிட்டியிலும் ஏற்றினேன். (வீட்டுக்கு போன் பேசும்போது ‘கை கோணம்’ என்றேன், கையில் என்ன அடி என்று அம்மா பதறிவிட்டார்.) ஓரிடத்தில் கை 1 பைமாலில் −63 டிகிரி, மால்ப்ராபிட்டியில் 297. ஒரு ஃபினைல்அலனினில் கை 2 −85, அங்கே 95. ஒரு அஸ்பராஜினில் −22, அங்கே 158. எக்செல்லில் சராசரி எடுத்தால் இன்னும் மோசம். எந்தக் கருவியை நம்புவது?

மஞ்சக்குப்பத்தான்:
முதலில் அந்தச் சராசரியை அழித்துவிடும்மா. −63, 297 இரண்டுக்கும் சராசரி 117. பக்கச் சங்கிலி நிற்கவே விரும்பாத இடம் அது. −63 உடன் 360 கூட்டிப் பார், 297. பாரதி பூங்காவை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் அதே வாசலுக்குத்தான் வருவோம்.

ஃபினைல்அலனின் வளையத்தை அரைச் சுற்று திருப்பினாலும் உருவம் மாறாது, இரு பக்கக் கார்பன்களின் சிடி1, சிடி2 என்ற பெயர்தான் இடம் மாறும். அதனால் மால்ப்ராபிட்டி கை 2-ஐ 0 முதல் 180-க்குள் மடித்துச் சொல்கிறது. டைரோசினுக்கும் அஸ்பார்டிக் அமிலத்துக்கும் இதே கதை.

அஸ்பராஜின் அப்படியில்லை. அங்கே ஒரு பக்கம் ஆக்சிஜன், மறுபக்கம் நைட்ரஜன். மால்ப்ராபிட்டியில் ஹைட்ரஜன் சேர்க்கும் படியில் என்ன செய்தாய்?

காலாப்பட்டு மாணவி:
அது காட்டிய தேர்வை இருந்தபடியே விட்டுவிட்டேன் அண்ணா. திருப்பியவை என்று ஒரு பட்டியல் வந்தது, படிக்காமல் அடுத்ததை அமுக்கிவிட்டேன்.

மஞ்சக்குப்பத்தான்:
அதுதான் விஷயம். எக்ஸ்ரே படிகத்தில் எலெக்ட்ரான் அடர்த்திதான் தெரியும். நைட்ரஜனுக்கு 7 எலெக்ட்ரான், ஆக்சிஜனுக்கு 8. பிரித்துச் சொல்வது கஷ்டம், ஆகவே அஸ்பராஜின் முனையைத் தலைகீழாக வைத்துவிடுவது சகஜம். மால்ப்ராபிட்டி பயன்படுத்தும் ரிடியூஸ் நிரல் ஹைட்ரஜன் சேர்த்து, இடிக்கிறதா, ஹைட்ரஜன் பிணைப்பு அமைகிறதா என்று இரண்டு விதமாகவும் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் 180 திருப்பிவிடும். குளூட்டமின், ஹிஸ்டிடினுக்கும் செய்யும். ஆக, நீ ஒப்பிட்டது ஒரே ஃபைலை அல்ல. கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதே, சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்.

காலாப்பட்டு மாணவி:
பார்த்தேன். பழைய ஃபைலில் அந்த நைட்ரஜன், புரதத்தின் முதுகெலும்புச் சங்கிலியில் (மையத் தொடரில்) உள்ள என்எச்சுக்கு, அதாவது நைட்ரஜன்–ஹைட்ரஜனுக்கு, நேர் எதிரே 2.9 ஆங்ஸ்ட்ராமில் முட்டிக்கொண்டு நிற்கிறது. திருப்பிய பிறகு அங்கே ஆக்சிஜன், ஹைட்ரஜன் பிணைப்பு அமைகிறது. சரி, திருப்பியதையே வைத்துக்கொள்கிறேன். பட்டியலில் மீதி இரண்டையும் இன்று ராத்திரி பார்க்கிறேன், ஹாஸ்டலில் கரண்ட் இருந்தால்.