ஒரே ஒரு வைவர்ன், ரெண்டரை மணி நேரம்: வான்சண்டையை எப்படி நடத்துறீங்க?

டம்ளர்மலை எழுதியது:
நாங்க ஆடுறது டி அண்ட் டி (மேஜையில பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். வாள்காரர் ஃபைட்டர், வில்லாளி ரேஞ்சர், பூசாரி கிளெரிக், மந்திரவாதி விசார்ட். எல்லாரும் ஆறாம் லெவல். நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துற ஆள். போன ஞாயித்துக்கிழமை, கோவேறு கழுதைகளோட மலைக்கணவாயைத் தாண்டும்போது மேலருந்து ஒரு வைவர்ன், வால்ல கொடுக்கு உள்ள பறக்கும் டிராகன். மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தப்போ பிரமாதமா இருந்துச்சு. மேஜையில நாறிப்போச்சு.

உயரத்தைக் காட்ட எவர்சில்வர் டம்ளரைக் கவுத்து, அதுமேல மினியை (குட்டி பொம்மையை) வெச்சேன். ஒரு டம்ளர் முப்பது அடி. மூணாவது டம்ளர் ஏறினதும் யாரோ முறுக்குக்குக் கை நீட்ட, மொத்தமும் சரிஞ்சு மேப்பே கலைஞ்சுபோச்சு. ரேஞ்சர் ஆடுறவர் ஒவ்வொரு அம்புக்கும் போனை எடுத்து வர்க்கமூலம் போடுறார். தரையில 40, மேல 30, ஆக 50 அடியாம். லாங்போ 150 அடி வரைக்கும் சிரமமில்லாமப் போகும். 40ஆ இருந்தா என்ன, 50ஆ இருந்தா என்ன?

ஃபைட்டர் மூணு ரவுண்டு கத்தியோட வானத்தைப் பார்த்துட்டு நின்னார். பாவம்னு விசார்ட் அவர்மேல ஃப்ளை ஸ்பெல் (பறக்கவைக்கிற மந்திரம்) போட்டார். 70 அடி ஏறினார். வைவர்ன் திரும்பி வந்து விசார்டைக் கொட்டுச்சு, மந்திரத்தைத் தாங்குற கான்சென்ட்ரேஷன் போச்சு, ஃபைட்டர் விழுந்தார். ஏழு ஆறுமுகப் பகடை (7டி6), டேமேஜ் மொத்தம் 31. விசார்ட் உடனே "ஃபெதர் ஃபால்!"னார். விழுறவரை மெதுவா இறக்குற அந்த மந்திரம் 60 அடிக்குள்ளதான் செல்லும், ஆள் 70ல இருக்கார்னு நான் சொல்ல, இருபது நிமிஷம் வாக்குவாதம். ஃபைட்டர் எழுந்து டீ போடப் போயிட்டார்.

நான் சொன்னது சரியா? அதைவிட, கத்திக்காரனுக்கு இந்தச் சண்டையில என்னதான் வேலை?

விதிமூக்கன் எழுதியது:
ஃபெதர் ஃபால் விஷயத்தில் எழுத்துப்படி உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனாலும் நான் அனுமதித்திருப்பேன். விழுகிறவர் எப்படியும் அந்த 60 அடியைக் கடந்துதானே தரைக்கு வர வேண்டும்? விழத் தொடங்கிய கணமே தரையைத் தொடுவார் என்பது மட்டும் சரி. 2017இல் வந்த துணை விதிப்புத்தகமான ஸனத்தார் கைடு, ஒரே மூச்சில் 500 அடி வரை விழலாம் என்கிறது.

வர்க்கமூலத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கட்டம் போட்டு ஆடினால் குறுக்கே போவதும் ஒரு கட்டம்தான். அதையே உயரத்துக்கும் வைத்துக்கொண்டு, 40, 30 இரண்டில் பெரியது எதுவோ அதுதான் தூரம் என்று நான் முடித்துவிடுவேன்.

முக்கியமானது வேறு. பறப்பது புரோன் ஆனாலோ (அதாவது கவிழ்ந்தாலோ), வேகம் பூஜ்யமானாலோ கீழே விழும். ஹோவர் (அந்தரத்தில் நிற்கும் திறன்) இருந்தாலோ, மந்திரம் தாங்கிப் பிடித்தாலோ தப்பும். வைவர்னுக்கு ஹோவர் கிடையாது. உங்கள் ஃபைட்டர் பேட்டில் மாஸ்டர் வகையா? டிரிப் அட்டாக் (அடித்துக் கவிழ்க்கும் உத்தி) வைத்திருக்கிறாரா? அது கத்திக்கு மட்டுமல்ல, எறிகிற ஈட்டிக்கும் பொருந்தும். லார்ஜ் அளவு வரை தள்ளலாம், வைவர்ன் லார்ஜ்தான். தப்பிக்க எட்ட வேண்டிய எண், அதாவது டிசி, 15 என்றால் +4 ஸ்ட்ரெங்த் உள்ள வைவர்ன் பாதிக்குப் பாதி கவிழும்.

பழைய பகடை எழுதியது:
வைவர்ன் கடிக்கும் கொடுக்குக்கும் ரீச் (எட்டுற தூரம்) 10 அடி தம்பி. பத்தடி மேல நின்னுக்கிட்டே கொட்டும். அஞ்சடி எட்டுற வாளைத் தூக்கிக்கிட்டு, அது வந்ததும் வெட்டுறேன்னு ரெடி ஆக்‌ஷன் வெச்சாலும் காத்தைத்தான் வெட்டணும். கிளேவ் மாதிரி நீளமான ஆயுதம் ஒண்ணு கையில இருக்கட்டும்.

நான் மூணாம் பதிப்பு காலத்து ஆளு. அதுல பறக்குறதுக்கு அஞ்சு தரம் இருந்துச்சு. வைவர்ன் 'புவர்'. அந்தரத்துல நிக்க முடியாது, ஒவ்வொரு ரவுண்டும் குறைஞ்சது பாதி வேகத்துக்காவது முன்னால போயே ஆகணும். திரும்புற கோணத்துக்கெல்லாம் அட்டவணை இருந்துச்சு, அதைத் தொடாதீங்க, தலைவலி. முன்னால போகணும்ங்கிற அந்த ஒரு விதியை மட்டும் இன்னிக்கும் வெச்சிருக்கேன். ஹெலிகாப்டர் மாதிரி தொங்காம, பாய்ஞ்சு தாண்டிப் போகும். ரீச்சை விட்டு விலகும்போது ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (கூடுதலா ஒரு வெட்டு) கிடைக்கும், ஏன்னா வெட்டு வாங்காம விலகிப் பறக்குற ஃப்ளைபை வைவர்னுக்கு இல்ல.

டம்ளரை அடுக்களைக்கே அனுப்பிடுங்க. கைக்கெட்டும் உயரம், வில்லுக்கெட்டும் உயரம், கண்ணுக்கு மட்டும் எட்டும் உயரம். மூணே அடுக்கு. மினிக்குப் பக்கத்துல ஒரு டி4 (நாலுமுகப் பகடை), அதுல 1, 2, 3. விழுந்தா மட்டும் அடிக்கணக்கு பார்த்துக்கலாம்.

இன்னொண்ணு. அது எதுக்கு உங்களோட சண்டை போடணும்? பசிக்கு வந்த மிருகம். ஒரு கழுதையைத் தூக்கிட்டுப் போகப் பாக்கும். அப்போ அது தரைக்கு வந்துதானே ஆகணும், உங்க கத்திக்காரன் கழுதை பக்கத்துல நிக்கட்டும்.

டம்ளர்மலை எழுதியது:
பேட்டில் மாஸ்டர்தான்! டிரிப் அட்டாக்கும் இருக்கு. ஷீட்டுல நாலு ஈட்டி முதல் நாள்லருந்து சும்மா கிடக்கு. எங்க யாருக்கும் தோணல.

இந்த வாரம் அதே வைவர்னோட ஜோடி, மூணு அடுக்கு, ஒரு டி4. அது கழுதையைக் குறிவெச்சு வந்துச்சு. ரெண்டாவது ஈட்டி பட்டு, தப்பிக்கிறதுக்கான சேவ்ல 6 உருட்டி, 60 அடியிலருந்து பொத்துன்னு விழுந்துச்சு. ஸனத்தார்ல இருக்குற விருப்ப விதிப்படி, விழுந்த தூரத்துல பறக்கும் வேகம் 80ஐக் கழிச்சா டேமேஜ் பூஜ்யம். பரவாயில்ல, ஆள் தரையில புரோன். ஃபைட்டர் ஆக்‌ஷன் சர்ஜ் (அதே முறையில இன்னொரு தாக்குதல்) போட்டு ஓடிப்போய் ரெண்டு வெட்டு, ரெண்டுமே அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்குறது). அது எழுந்து பாதி வேகத்துல பறக்கப் பாத்தப்போ இன்னொரு வெட்டு. மொத்தச் சண்டையும் முக்கால் மணி நேரம்.

ரேஞ்சருக்குத்தான் கோவம். புரோனா கிடக்குறதைத் தூரத்துலருந்து அம்பால அடிச்சா டிஸ்அட்வான்டேஜ்ங்கிறதை அப்பதான் படிச்சார். ஃபைட்டர் அடுத்த ஊர்ல பன்னெண்டு ஈட்டி வாங்கணும்ங்கிறார், ஒண்ணு அஞ்சு வெள்ளிக்காசு. டிரிப்புக்குச் செலவழிக்கிற டைஸ் நாலுதான்யான்னு சொன்னா காதுலயே வாங்கல.