வேர் விரிசலா, உலோக நிழலா? முப்பரிமாணப் படத்தைப் படிக்க உதவி தேவை

பல் மருத்துவ நண்பர்களுக்கு வணக்கம். ஞானப்பல்லின் வேர் கீழ்த்தாடை நரம்புக் குழாயை எந்தப் பக்கமாகத் தொட்டுச் செல்கிறது என்று அறியவும், இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்துமுன் எலும்பின் அகலத்தை அளக்கவும் கோன் பீம் சிடி என்னும் முப்பரிமாண எக்ஸ்ரே படம் எனக்குப் பெரிதும் துணைநிற்கிறது. இப்போதைய சிக்கல் வேறு.

ரூட் கெனால் செய்து உலோகத் தண்டு வைத்த கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் வலியும், ஒரே இடத்தில் மட்டும் ஆழமான ஈறுப்பையும் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளம்) உள்ளன. செங்குத்து வேர் விரிசல் என ஐயுற்று, 0.2 மில்லிமீட்டர் வாக்ஸல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனசதுரக் கூறு) அளவில் எடுத்த படத்தில், தண்டிலிருந்து கிளம்பும் கருங்கோடு உண்மையான விரிசலா, உலோகம் கதிர்களை உறிஞ்சுவதால் விழும் போலி நிழலா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. கோட்டைவிட, வேரை ஒட்டி எலும்பு கரைந்திருக்கும் வடிவத்தையே நான் அதிகம் நம்புகிறேன்.

தண்டை அகற்றிவிட்டு, சிறிய பரப்பில், இன்னும் நுண்ணிய வாக்ஸலில் மீண்டும் படமெடுத்தால் தெளிவு கூடுமா? அல்லது நோயாளியைக் கூடுதல் கதிர்வீச்சுக்கு ஆளாக்காமல், ஈறைத் திறந்து நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்ப்பதே சரியா? காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிடக் கூடாது என்று மிகவும் கவலைப்படுகிறேன். இத்தகைய படங்களைப் படித்துப் பழகியவர்கள் தங்கள் அனுபவத்தைக் கூறி வழிகாட்ட வேண்டுகிறேன்.