ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் துணி டயப்பர்: இரவுக் கசிவும் நெடியும்

கேள்வி:
பிறந்தது முதல் துணி டயப்பரிலேயே வளரும் எங்கள் மகளுக்கு, அண்மைக் காலமாக இரவில் உள்துணியை இரட்டிப்பாக வைத்தாலும் தொடையோரம் கசிந்து படுக்கை நனைந்துவிடுகிறது. காலையில் கழற்றும்போது கண்ணைக் கரிக்கும் நெடி வேறு. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
இந்த வயதில் குழந்தைகள் ஒரே தடவையில் நிறையச் சிறுநீர் கழிப்பார்கள். மைக்ரோஃபைபர் (செயற்கை நுண்ணிழை) உள்துணி வேகமாக உறிஞ்சினாலும், குழந்தை புரண்டு அழுத்தும்போது பிழிந்தாற்போல் நீரை வெளியே விட்டுவிடும் என்பதால், அதற்குக் கீழே மெதுவாக உறிஞ்சி அதிகம் தேக்கும் மூங்கில் இழைத் துணியை வையுங்கள். புதிய துணி சில சலவைகளுக்குப் பிறகே முழுமையாக உறிஞ்சும். மைக்ரோஃபைபர் தோலில் நேரடியாகப் படக்கூடாது.

பதில் 2:
சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாகும் அம்மோனியாதான் அந்த நெடி. கழற்றியவுடன் குளிர்ந்த நீரில் அலசிவிட்டு, உள்துணிகளைப் போதிய சலவைத்தூளுடன் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பலர் சலவைத்தூளைக் குறைத்துப் போடுவதே சிக்கலை வளர்க்கிறது. துணி மென்மையாக்கி இழைகளின் மேல் படிந்து உறிஞ்சும் திறனைக் கெடுக்கும், அதை அறவே தவிர்த்துவிடுங்கள்.

பதில் 3:
ஒட்டுப்பட்டையைப் பிய்த்தெறியக் கற்றுக்கொண்ட குழந்தையென்றால் பட்டன் வைத்ததற்கு மாறுங்கள். படுக்க மறுத்து ஓடுபவளுக்கு, நின்றபடியே மாட்டிவிடுவது எவ்வளவோ எளிது.