கேடிஎச் வேனில் 600 கிலோ சாமான்: பட்டை கூட்டுவதா, எயார் பேக் போடுவதா?

கேடிஎச்_தலவாக்கலை

வணக்கம். டொயோட்டா ஹையேஸ் கேடிஎச் 200 வேன், பின்னுக்குப் பட்டை (அடுக்குத் தகட்டு ஸ்பிரிங்), முன்னுக்கு டோர்ஷன் பார் (முறுகித் தாங்கும் கம்பி ஸ்பிரிங்). ஏற்றுவது கோயில் திருவிழாச் சாமான்: பேஸ் பெட்டி நாலு, ஆம்ப் ரேக், 110 கிலோ ஜெனரேட்டர், வயர், கூரை கெரியரில் லைட் பைப். மொத்தம் 600 கிலோ, அதோடு மூன்று ஆள். மாசியில் ஏற்றினால் ஆடி முடியும்வரை பெரும்பாலும் சாமான் வண்டியிலேயே கிடக்கும். மற்ற மாதங்களில் வெறும் வேன்தான்.

பின் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்தேன். வெறுமையில் 470 மி.மீ., லோடில் 385. பம்ப் ஸ்டொப்புக்கு (அக்சில் சேஸியில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) மேல் ஒரு விரல்கூட நுழையாது. குழியில் விழுந்தால் ‘டம்’ என்று அடிக்கிறது. இரவில் ஹெட் லைட் மரக்கொப்பைப் பார்க்கிறது. ரம்பொடை வளைவுகளில் முன்பக்கம் திரும்பி முடிந்த பிறகுதான் பின்பக்கம் சாய்கிறது. ஷொக் நாலும் புதிது, ஆனாலும் உயரம் கொஞ்சமும் ஏறவில்லை.

ஒரு கராஜில் லொறிப் பட்டை இரண்டு கூட்டச் சொல்கிறார்கள். இன்னொன்றில் பட்டைக்குத் துணையாகப் பாரம் தாங்கும் எயார் பேக் (காற்றடிக்கும் ரப்பர் பை). மூன்றாவது இடத்தில் முன் டோர்ஷன் பாரை முறுக்கினால் போதும் என்கிறார்கள். எதைக் கேட்பது?

பட்டை_பாஸ்

மூன்றாவதை இப்போதே மறந்துவிடுங்கள் தம்பி. முன்பக்கம் உயர்ந்து தெரிவது பின்பக்கம் அமுங்கியதால். டோர்ஷன் பார் போல்டைத் திருப்பினால் உயரம்தான் மாறும், பாரின் விறைப்பு மாறாது. கேம்பரும் டோவும் (சில்லின் சாய்வும் திசைக் கோணமும்) கெட்டு டயரின் ஒரு ஓரம் தின்னும். பின்பக்கம் சரியானால் முன்பக்கம் தானே இறங்கும்.

ஷொக்கும் அப்படித்தான். அது ஆட்டத்தை அடக்கும், பாரத்தைத் தாங்காது. பாரம் முழுக்கப் பட்டையில்.

காசு செலவழிக்கும் முன் ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஏற்றி இறக்க வசதி என்று பின்கதவு ஓரத்தில்தான் வைத்திருப்பீர்கள். அது பின் அக்சிலுக்கு ஏறக்குறைய 70 செ.மீ. பின்னால். அங்கிருந்து அக்சிலுக்கு 1.2 மீற்றர் முன்னால், சீட்டுக்குப் பின்புறம் கொண்டுவந்தால் 1.9 மீற்றர் நகர்கிறது. இந்த வேனின் வீல்பேஸ் 2.57 மீற்றர். 110 × 1.9 ÷ 2.57 = 81. பின் அக்சிலில் 81 கிலோ குறையும், அது அப்படியே முன் சில்லுகளுக்குப் போகும். பின்பாரத்தால் ஸ்டியரிங் மிதந்தால் அதுவும் அடங்கும்.

இனிப் பட்டைக் கணக்கு. உங்கள் லோடில் பின் அக்சிலுக்கு 550 கிலோ போகிறது என்று வைப்போம். ஒரு பக்கத்துக்கு 275. அது 85 மி.மீ. அமுக்கினால் பட்டையின் விறைப்பு மி.மீட்டருக்கு 3.2 கிலோ. அமுங்கல் 60 மி.மீட்டரோடு நிற்க வேண்டுமானால் 4.6 வேண்டும், அதாவது நூற்றுக்கு 40க்கு மேல் கூட்ட வேண்டும். ஜெனரேட்டரை நகர்த்திவிட்டால் ஒரு பக்கத்துக்கு 235 கிலோதான். தேவை 3.9, கூட்ட வேண்டியது நூற்றுக்கு 20 சொச்சம். மேல் செட்டில் மூன்று நான்கு பட்டைதான் இருக்கும், அதே தடிப்பில் ஒன்று கூட்டினாலே கால் பங்கு விறைப்பு ஏறிவிடும். இரண்டு பட்டைக்கு வேலையே இல்லை.

550 என்பது என் ஊகம். சாமானோடும் ஆளோடும் ஒரு வேபிரிட்ஜில் (வாகனம் நிறுக்கும் தராசு) முன் அக்சில் தனியாக, பின் அக்சில் தனியாக நிறுத்து எடுத்து, சரியான எண்ணைப் போட்டுப் பாருங்கள். மொத்த நிறை சீ.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்று) உள்ள உச்ச நிறையைத் தாண்டினால் பேச்சு அங்கேயே முடிந்தது. எந்தப் பட்டையும் அந்த எண்ணை உயர்த்தாது.

லொறிப் பட்டை வேண்டாம். விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்கோடு ஏறும்: 7 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. வைத்தால் அந்த ஒரு பட்டை ஒன்றரை மடங்கு விறைப்பு. தடித்த குட்டைப் பட்டை முடியும் இடத்தில் மேல் பட்டை மடிந்து மடிந்து, ஒரு நாள் அங்கேயே வெடிக்கும்.

செட்டைக் கழற்றினால் கவனிக்க வேண்டியவை:

– கம்பி பிரஷால் துடைத்து நடு போல்ட் துளையைச் சுற்றி மயிர்க்கீறல் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் முதல் சந்தேகம் உடைந்த பட்டைதான்.
– பட்டையை அக்சிலோடு கட்டும் பழைய யூ போல்டைத் திரும்பப் போடாதீர்கள், அது ஏற்கெனவே இழுபட்டது. பட்டை கூடினால் நீளமும் போதாது. நடு போல்டும் புதிது.
– யூ போல்டின் கடைசி முறுக்கு வண்டி தரையில் நிற்கும்போது, நான்கு நட்டையும் குறுக்குக்குக் குறுக்காக. கண் புஷ் (பட்டை நுனி வளையத்தில் உள்ள ரப்பர்) போல்டுகளும் வண்டி தரையில் நிற்கும்போதுதான். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து கிழியும்.
– 500 கி.மீ. ஓடியதும் யூ போல்டை மறுபடி முறுக்க வேண்டும். பட்டைகள் உட்கார்ந்து இடைவெளி விழும், அந்தத் தளர்வில்தான் நடு போல்ட் வெட்டுப்படும்.

காஸ் வெல்டிங் சுடரில் பட்டையைச் சூடாக்கி வளைத்துத் தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டையின் பதம் அத்தோடு போய்விடும். சில மாதத்தில் பழையதைவிடத் தாழும்.

ஈரமலை

கணக்கு சரி அண்ணே, ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. வருடத்தில் பாதி வெறும் வேன் என்கிறாரே. விறைத்த பட்டையோடு வெறும் வேன், நானுஓயா மழையில், ஒட்டுப்போட்ட தார் ரோட்டில் போனால் பின் சில்லு துள்ளும். துள்ளும் சில்லுக்குப் பிடிப்பு இல்லை, ஈர வளைவில் பின்பக்கம் தனியாக வெளியே போகும். எப்போதும் ஒரே லோட் என்றால் பட்டை. ஏறி இறங்கும் லோட் என்றால் எயார் பேக்.

ஆனால் எயார் பேக்கில் ஒரு விஷயத்தை இங்கே பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு பேக்கையும் ஒரு டீ மூட்டில் இணைத்து ஒரே வால்வில் காற்றடிப்பது. வளைவில் வெளிப்பக்கப் பேக் அமுங்கும்போது அதன் காற்று உள்பக்கப் பேக்குக்கு ஓடும். தாங்க வேண்டிய பக்கம் காலியாகும், தூக்கக்கூடாத பக்கம் தூக்கும். மலை ரோட்டில் இது பேக் இல்லாததைவிட மோசம். இரண்டு குழாய், இரண்டு வால்வு, வேறு பேச்சே இல்லை. குழாய் எக்ஸோஸ்ட் பக்கம் போகக் கூடாது. முழுக்கக் காற்றிறக்கியும் ஓட்டக் கூடாது, பேக் மடிப்பில் உரசிக் கிழியும். வெறும் வேனிலும் பெட்டியில் எழுதியுள்ள குறைந்தபட்ச அழுத்தம் இருக்கட்டும்.

கூரையில் உள்ள லைட் பைப்பையும் இறக்கித் தரையில் கட்டுங்கள். நீங்கள் சொன்ன தாமதச் சாய்வில் அதற்கும் பங்கு உண்டு.

எவரி_பண்டாரவளை

இடையில் ஒரு கேள்வி. சுசுகி எவரி, பின்னுக்குக் கொயில். மரக்கறி ஏற்றுகிறேன். சுருளுக்கு இடையில் ரப்பர் வளையம் வைக்கலாமா?

ஈரமலை

வைத்தால் உயரும், ஆனால் வளையம் கவ்விய சுருள் வேலை செய்யாது. மீதிச் சுருள்கள் அதன் பங்கையும் சேர்த்து வளையும், நாளடைவில் ஒன்று உடையும். கொயிலுக்குள் போடும் எயார் பேக் மேல். அந்த வகையில் பொதுவாக உச்சம் 35 பிஎஸ்ஐ, குறைந்தது 5. பம்ப் ஸ்டொப் கொயிலுக்கு உள்ளே இருந்தால் இடம் போதுமா என்று முதலில் அளங்கள். ஜப்பான் கணக்கில் இந்த வண்டிக்கு இரண்டு ஆளோடு 350 கிலோதான் லோட், அதையும் நினைவில் வையுங்கள்.

பட்டை_பாஸ்

ஈரமலை சொன்ன பாதி வருடக் கணக்கை நான் கவனிக்கவில்லை. அப்படியானால் பட்டையை உள்ளபடி விட்டு, புஷ் மட்டும் மாற்றி, எயார் பேக் போடுங்கள். ஜெனரேட்டரை நகர்த்துவது இரண்டுக்கும் பொது.

டயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இந்த வேனுக்கு உரியது 195/80 ஆர் 15, 107/105 (தாங்கும் பாரத்தின் குறியீடு) எழுதியது. 107 என்றால் ஒரு டயருக்கு 975 கிலோ. மலிவாகக் கிடைத்தது என்று கார் டயர் மாட்டி, அதில் 95 என்றிருந்தால் 690 கிலோதான், பின் டயர் இரண்டுக்கும் 1,380. வண்டியின் சொந்த நிறையோடு சேர்த்துப் பாருங்கள், மிச்சம் ஒன்றும் இராது. காற்றைக் காலைக் குளிரில் பாருங்கள். கொழும்பில் அடித்த காற்று நுவரெலியாவில் மாறிவிடும் என்று ஒரு பயம் உண்டு. 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்று குறைவதால் கேஜ் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும், குளிர் ஏறக்குறைய அதே அளவு குறைத்துவிடும்.

கேடிஎச்_தலவாக்கலை

நன்றி அண்ணாமாரே. அப்படியானால் எயார் பேக்கில் காற்றைக் கூட்டி, லோடோடும் அந்தப் பழைய 470க்கே கொண்டுவரலாம்தானே?

ஈரமலை

கூடாது. முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்: பின் அக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சேஸியில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகிறதா? அதுதான் லோட் சென்சிங் வால்வு, சில மொடல்களில் இராது. பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். 470க்குத் தூக்கிவிட்டால் வேன் வெறுமை என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைக்கும். 600 கிலோவையும் முன் பிரேக் மட்டும் இழுத்துப் பிடித்தால் ரம்பொடையிலோ கினிகத்தேனையிலோ பள்ளம் இறங்கி முடியுமுன் பிரேக் பெட் கருகும், திரவம் கொதிக்கும், பெடல் பஞ்சாகும்.

லோடில் 30, 40 மி.மீ. அமுங்கி நிற்கட்டும். 430 முதல் 440 வரை வந்ததும் காற்றை நிறுத்துங்கள், பம்ப் ஸ்டொப்புக்கு அந்த இடம் தாராளம். வால்வுக் கம்பியை நீட்டிக் குறைத்து விளையாட வேண்டாம், அதை அழுத்தக் கேஜ் மாட்டித்தான் செட் பண்ண வேண்டும். பிரேக் திரவம் டொட் 3 என்றால் கழுவி டொட் 4 ஊற்றுங்கள். புதிதில் கொதிநிலை 205க்குப் பதில் குறைந்தது 230 பாகை. ஈரம் குடித்த பிறகு 140க்குப் பதில் 155. நம் பக்கத்து ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள்.

ஹெட் லைட்டைக் கடைசியில், லோடோடு, சமதரையில் இறக்குங்கள்.