ஜன்னலுக்கு மேல் துளை இறங்கவில்லை: டிரில் பழுதா, பிட் பழுதா?

புதுவீட்டுக்காரி:
திரைச்சீலைக் கம்பி மாட்ட 600 வாட் இம்பாக்ட் டிரில் வாங்கினேன். ஜன்னலை விட்டு ஒரு அடி தள்ளி இரண்டு ஓரங்களிலும் 6 மி.மீ. பிட் (துளை போடும் முனைக்கம்பி) வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஜன்னலுக்கு நேர் மேலே, நடு கிளாம்புக்கு மட்டும் ஒரு செ.மீ.க்கு மேல் போகமாட்டேன் என்கிறது. பத்து நிமிடம் அழுத்தியதில் பிட் முனை நீலம் பாரித்துவிட்டது. மெஷினை மாற்றித் தரச் சொல்லலாமா?

மரவேலை:
முதலில் ரிவர்ஸ் பட்டனைப் பாருங்கள் சார். பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுவார்கள். அப்புறம், மேலே உள்ள குமிழ் சுத்தியல் படத்தில் இருக்கிறதா?

புதுவீட்டுக்காரி:
சார் இல்லை, அக்கா. சுழற்சி சரி, சுத்தியலும் சரி.

பழைய வயர்மேன்:
ஓரத்தில் என்ன நிறத்தில் தூள் வந்தது, நடுவில் என்ன நிறம்?

புதுவீட்டுக்காரி:
ஓரத்தில் சிவப்பு. நடுவில் சாம்பல், மாவு மாதிரி.

பழைய வயர்மேன்:
அப்படியென்றால் மெஷின் நன்றாகவே இருக்கிறது. சிவப்பு செங்கல், சாம்பல் லிண்டல் கான்கிரீட், அதாவது ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் உத்தரம். இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கித் தட்டும். அடி நிறைய, பலம் குறைவு. செங்கலுக்கு அது போதும். கான்கிரீட்டுக்கு ரோட்டரி ஹாமர் வேண்டும். அதில் பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கும், நாம் தாங்கிப் பிடித்தால் போதும். ஒரு துளைக்காக வாங்காதீர்கள், ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். பிட்டும் எஸ்.டி.எஸ். பிளஸ் என்று கேட்டு வாங்குங்கள்; அடியில் காடி வெட்டியிருக்கும், உங்கள் டிரில்லின் சக்கில், அதாவது பிட்டைக் கவ்வும் வாயில், உள்ளது ரோட்டரி ஹாமரில் சேராது. நீலமான பிட் போனது போனதுதான்.

ஒரு அங்குலத்தில் திடீரென நின்று இரும்புத் தூள் வந்தால் அது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. அதோடு மல்லுக்கட்டாமல் இரண்டு செ.மீ. தள்ளிப் போடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே மட்டும் கை வைக்காதீர்கள், வயர் ஓடும்.

மரவேலை:
மன்னிக்கவும் அக்கா. மரத்துக்கும் இரும்புக்கும் அந்தச் சுத்தியலை அணைத்துவிடுங்கள். இரும்பு என்றால் வேகத்தைக் குறைத்து இரண்டு சொட்டு எண்ணெய்.

புதுவீட்டுக்காரி:
வாடகை மெஷினில் அரை நிமிடம்கூட ஆகவில்லை! ஆனால் திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் உள்ளே முழுதாகப் போகாமல் பாதி வெளியே நிற்கிறது.

பழைய வயர்மேன்:
துளைக்குள் தூள் அடைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்ட்ராவால் ஊதுங்கள்.

புதுவீட்டுக்காரி:
பிளக் உள்ளே போய்விட்டது. திரைச்சீலைக் கம்பி மாட்டியாயிற்று. அடுத்து பாத்ரூம் டைல்ஸில் டவல் ஸ்டாண்டு...

பழைய வயர்மேன்:
டைல்ஸ் தாண்டும்வரை சுத்தியல் வேண்டாம். பிட் வழுக்காமலிருக்கக் காகித டேப் ஒட்டி, மெதுவாக ஆரம்பியுங்கள். குழாய்க்கு நேர் மேலேயும் வேண்டாம்.